பெற்றுக்கொண்டவர்

வல்லம் வடகால் தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்ட் மிச்சம் வைத்த வேலையை அடுத்த ஷிஃப்ட் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கிக்கொள்ளும். அங்கே வேலை பார்த்த ஷெர்லின் தன் நாவலையும் அப்படியே எழுதினாள். வேலை முடிந்ததும் லாக்கர் அறையில் உட்கார்ந்து எழுதி, நிறுத்திய இடத்தைக் குறித்து, 'ஒப்படைத்தவர்' என்று கையெழுத்திட்டு நோட்டைத் தன் லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவாள். மறுநாள் 'பெற்றுக்கொண்டவர்' இடத்திலும் அவளே கையெழுத்திடுவாள்.

மூன்று வாரமாகக் கதை நகரவில்லை. நாயகி செல்லம்மாள் மூடிய கதவின் முன் நின்றாள். உள்ளே இருப்பது என்னவென்று எழுதுகிறவளுக்கே பிடிபடவில்லை. "கதவருகே நிற்கிறாள். இனி என்னால் முடியாது" என்று எழுதிப் பூட்டினாள்.

மறுநாள் காலை, 'பெற்றுக்கொண்டவர்: செல்லம்மாள்' என்றிருந்தது.

"நீ எழுதுனியாடி?" என்று பக்கத்து லாக்கர் நிலாவைக் கேட்டாள்.

"சாவி உங்கிட்டதான கீது? நான் எப்டி எழுதுவேன்?" என்றபடி நிலா கேன்டீனுக்குப் போய்விட்டாள்.

கீழே அதே எழுத்தில் இன்னும் இருந்தது: "கதவைத் திறந்தேன். நீலச் சட்டை போட்ட ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். கலைக்க மனம் வரவில்லை."

ஷெர்லின் தன் நீலச் சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். ஷிஃப்ட் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லத் திறந்தது. அவள் திரும்பவில்லை, பேனாவை நிறுத்தவுமில்லை.