மருமகள் வேஷம்

"அவ நடையைப் பார்த்தியா, கென்சோ? ரிக்‌ஷா இழுக்கிறவன்கூட இதைவிட நளினமா நடப்பான்!"

கண்ணாடியைப் பார்த்தபடியே உமேஜி பொரிந்தார். பின்னால் நின்று கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒப்பனைக்காரர் கென்சோ இன்னொரு ஊசியைச் செருகினார். பத்து நாளாக இதே பல்லவிதான்.

சுமிதா ஆற்றங்கரையில் அந்தப் படக் கம்பெனி கண்ணாடிக் கூரை போட்டு ஸ்டூடியோ கட்டிய நாளிலிருந்து, கதாநாயகி என்றால் உமேஜிதான். பதினோரு வருஷம், நூற்றுக்கும் மேல் ஊமைப் படங்கள். உமேஜி கிமோனோவின் பின்கழுத்தை ஒரு விரல்கடை இறக்கிக் கட்டினால், அடுத்த வாரமே டோக்கியோவில் பாதிப் பெண்கள் அப்படித்தான் கட்டிக்கொண்டு திரிவார்கள். 'என் மனைவி உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று கணவன்மார்கள் கடிதம் எழுதுவார்கள்.

அப்படிப்பட்டவர் இருக்கும்போது, டைரக்டர் இநாபா எங்கிருந்தோ சாயோ என்று ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பத்தொன்பது வயது. அடுத்த படத்தில் மருமகள் வேஷம் அவளுக்குத்தான் என்று ஸ்டூடியோ முழுக்கப் பேச்சு. உமேஜிக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"எனக்கு முகத்துல வெள்ளை பூசவே ஒன்றரை மணி நேரம் ஆகுது. அவ அஞ்சு நிமிஷத்துல தயாரா வந்து நிக்கிறா. கேட்டா, சொந்த முடி, சொந்தப் புருவமாம். பெரிய அதிசயம்!"

"சின்னப் பொண்ணு, உமேஜி ஸான்... போகப் போகக் கத்துக்குவா" என்று 'ஸான்' போட்டு மரியாதையாகவே சொன்னார் கென்சோ.

"எங்கே கத்துக்கிறது? ஒரு பொம்பளை கதவை எப்படித் திறக்கணும்? மண்டி போட்டு உட்கார்ந்து, ரெண்டு கையாலயும் மெதுவாத் தள்ளணும். இவ நின்னுக்கிட்டே படார்னு..."

கதவு படாரென்று திறந்தது. சாயோதான். மூச்சு வாங்க, ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"செர்ரி இலை சுத்தின அரிசி உருண்டை! உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னாங்க, உமேஜி ஸான். சூடு ஆறுறதுக்குள்ள ஓடி வந்தேன்."

"உதட்டுச் சாயம் போட்டாச்சு. சாப்பிட முடியாது."

"அப்ப மத்தியானம் சாப்பிடுங்க. உங்களைப் பார்ப்பேன்னு கனவுலகூட நினைச்சதில்லை. நீங்க நாடகத்துல நடிச்ச காலத்துலேர்ந்தே, சின்ன வயசிலேர்ந்து எங்கம்மா உங்க ரசிகை!"

உமேஜிக்கு உச்சந்தலையில் யாரோ சுத்தியலால் அடித்ததுபோல இருந்தது. அம்மாவாம்! சின்ன வயசிலிருந்தாம்!

அவள் போனதும் பொட்டலத்தைக் கென்சோவின் கையில் திணித்துவிட்டு, நேராக டைரக்டரிடம் போனார்.

"ஒரே காட்சி. நானும் நடிக்கிறேன், அவளும் நடிக்கட்டும். படத்தைப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க, யார் மருமகள்னு."

இநாபா "சரி" என்றார்.

கடலுக்குப் போன கணவன் இறந்துவிட்டதாகக் கடிதம் வருகிறது. இதுதான் காட்சி.

உமேஜி கடிதத்தைப் படித்தார். மடித்து மடியில் வைத்தார். கிமோனோ கையின் ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு, முகத்தைப் பாதி திருப்பினார். தோள் மட்டும் லேசாக நடுங்கியது. மரச்சாமான் தூக்க வந்த ஆட்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாயோ கடிதத்தைப் படித்தாள். கால் மடங்கியபடி தொப்பென்று விழுந்தாள். ஓவென்று அழுது, வழிந்த மூக்கைப் புறங்கையால் துடைத்தாள்.

"மூக்கு! திரையில போய் மூக்கைத் துடைக்கிறா!" உமேஜி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார்.

மறுநாள் படம் போட்டுப் பார்க்கும் அறையில் உமேஜியும் இநாபாவும் மட்டும் இருந்தார்கள். முதலில் உமேஜியின் காட்சி ஓடியது. ஒரு குறை சொல்ல முடியாது. உமேஜி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து சாயோ. கேமராவை மிகப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்திருந்தார்கள். திரை முழுக்க அவள் முகம்தான். உதடு கோணி, மூக்கு விடைத்து, அழகே இல்லாத முகம். சிரிக்கத்தான் நினைத்தார் உமேஜி. ஆனால் கை தானாகக் கண்ணைத் துடைத்தது. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்னை மட்டும் ஏன் தூரத்துலேர்ந்து எடுத்தீங்க?"

"கிட்டக்கவும் எடுத்தேன். நீங்க பார்க்க வேண்டாம்னுதான் போடலை."

உமேஜி சட்டென்று எழுந்துவிட்டார். "மனசைத் தொட்டுச் சொல்லுங்க, இநாபா. அவ என்னைவிட நல்லா நடிக்கிறாளா?"

"இல்லை. உங்க அளவுக்கு நடிக்க இந்த நாட்டுல ஆளே கிடையாது."

"அப்புறம் என்ன? என்கிட்ட இல்லாதது அப்படி என்ன அவகிட்ட இருக்கு?"

இநாபா தரையைப் பார்த்தார். "மருமகள் சாயோதான். முதலாளி முடிவு பண்ணிட்டார். ஆனா உங்களை விட எனக்கு மனசில்லை. அதே படத்துல உங்களுக்கும் ஒரு நல்ல வேஷம் வெச்சிருக்கேன்."

உமேஜி கையிலிருந்த விசிறியைப் பட்டென்று மடக்கினார். "புரியுது. மாமியார்! அவளுக்கு நான் மாமியார்! நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"மாமியாரும் இல்லை. இனிமே பொம்பளை வேஷத்துக்குப் பொம்பளைங்களைத்தான் போடணும்னு கம்பெனி உத்தரவு" என்று இநாபா அவர் தோளில் கை வைத்தார். "நீங்க மாமனார். நாளையிலேர்ந்து மீசையை எடுக்காம வளர விடுங்க, உமேஜி ஸான்."