வெறுங்கயிறு

கயிற்றை இழுத்தார்கள். ஆள் வரவில்லை. கயிறு மட்டும் புல்லில் புரண்டுகொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

"முடிச்சு அவிழ்ந்துடுச்சு போல" என்றாள் வெல்டரின் நாத்தனார். சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்தபடி கப்பலின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெல்டர், கதவோரத்துக் கைப்பிடியை விடாமல் எட்டிப் பார்த்தாள். தூரத்தில், குளத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவள் கணவன் குப்புறக் கிடந்தான்.

விண்கப்பல் தரையிறங்கி ஒரு மாதமாகிறது. பாட்டன் காலத்தில் கிளம்பிய கப்பல். அதற்குள் இருந்தவர்களில் ஒருவர்கூடக் கூரையில்லாத இடத்தில் நின்றதில்லை.

நல்ல காற்று, நல்ல தண்ணீர் எல்லாம் வெளியே இருந்தது. காலை எடுத்து வைக்கத்தான் ஆளில்லை. வாசல்வரை வீராப்பாக வந்தவர்கள் வானத்தைப் பார்த்ததும் வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பினார்கள். கேப்டனே காய்ச்சலில் படுத்துவிட்டார்.

தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனபோது, பம்ப் பார்க்கும் அவன்தான் "நான் போறேன்" என்றான். இடுப்பில் கயிறு, தோளில் குழாய். குழாயைத் தரையில் விரித்துக்கொண்டே நன்றாகத்தான் நடந்தான். திடீரென்று மண்டி போட்டான். அப்புறம் படுத்துவிட்டான்.

கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டினால் எலும்பைத் துளைக்கும் குளிர். அது உள்ளே நுழைந்தால் பயிர் அறை மொத்தமும் கருகிப்போகும். கதவை மூடித்தான் ஆகவேண்டும். மூடினால் விடியும்வரை திறக்க முடியாது.

வாசலில் நின்ற கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தார்கள்.

வெல்டருக்கு மற்றவர்களைவிடப் பயம் ஒரு பங்கு கூடுதல். கப்பலின் குறுகலான காற்றுக்குழல்களுக்குள் நுழைந்து பற்றவைப்பவள் அவள். தோள் இரண்டு பக்கமும் இடித்தால்தான் அவளுக்கு நிம்மதி. சாப்பாட்டுக் கூடத்தில்கூட மூலை பார்த்துத்தான் உட்காருவாள். 'பொந்துக்காரி' என்று நாத்தனார் கேலி செய்வாள்.

கைப்பிடியை விட்டால் அந்த வானத்துக்குள் விழுந்துவிடுவோம் என்றே அவளுக்குத் தோன்றியது.

ஆனாலும் அங்கே கிடப்பவன் அவள் புருஷன்.

ஓடிப்போய், தீப்பொறி படாமல் போர்த்திக்கொள்ளும் கனத்த போர்வையை எடுத்து வந்தாள். தலையோடு போர்த்திக்கொண்டு மண்டியிட்டாள். ஒரு கையால் குழாயைப் பற்றிக்கொண்டு தவழத் தொடங்கினாள்.

"அடி பொந்துக்காரி, வேணாம்டி! உன்னையும் சேர்த்து யாருடி தூக்கிட்டு வர்றது?" நாத்தனார் கத்தினாள்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அவ்வளவுதான்.

போர்வைக்குள் தெரிந்ததெல்லாம் குழாய், தன் கை, கொஞ்சம் புல். இது காற்றுக்குழல், வெறும் காற்றுக்குழல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். காற்று போர்வையைத் தூக்கியபோதெல்லாம் தரையோடு தரையாக ஒட்டி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அது அடங்கியதும் மறுபடி ஊர்ந்தாள்.

கடைசியில் அவன் பாதம் கையில் தட்டுப்பட்டது.

போர்வையை அவன்மேலும் இழுத்துப் போட்டுவிட்டு அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். உடம்பு சூடாகத்தான் இருந்தது. மூச்சும் சீராக இருந்தது.

"என்னங்க, நான்தான். பயப்படாதீங்க. குழாயைப் பிடிச்சுக்கிட்டே போயிடலாம். நான் முன்னாடி போறேன்."

அவன் கண்ணைத் திறந்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவன்போல விழித்தான்.

"நீ வருவேன்னு நான் நினைக்கவே இல்ல."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். எந்திரிங்க."

"முடிச்சு அவிழல" என்றான் அவன். "நான்தான் அவிழ்த்தேன்."

அவள் கை அவன் தோளிலேயே நின்றது.

"நின்னுக்கிட்டிருந்தா கூப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க. அதான் படுத்துட்டேன். வந்து தூக்கிட்டுப் போக யாருக்கும் தைரியம் கிடையாதுன்னு தெரியும். உள்ள எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே..." மேலே சொல்லாமல், மூச்சு முட்டுகிற மாதிரி தொண்டையைப் பிடித்துக் காட்டினான். "ஒரு ராத்திரியாவது இப்படிக் கிடக்கணும்னு தோணிச்சு. அதுக்கப்புறம் என்ன ஆனா என்ன?"

சுவருக்கும் அவனுக்கும் நடுவே ஒடுங்கிப் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் நிம்மதியாகக் குறட்டை விட்ட ராத்திரிகளிலெல்லாம் பக்கத்தில் இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"சீக்கிரம் வாடி! கதவை மூடறாங்க!" நாத்தனாரின் குரல் உடைந்து வந்தது.

"நீ போ" என்றான் அவன்.

போகலாம். பிடித்துக்கொள்ளக் குழாய் இருக்கிறது. ஆனால் போர்வை இல்லாமல் அவளால் ஒரு முழம்கூட நகர முடியாது. அதை எடுத்துக்கொண்டு போனாலோ, ஒற்றைச் சட்டையோடு கிடக்கும் இவன் விடியும்வரை தாங்கமாட்டான்.

அவள் குழாயிலிருந்து கையை எடுத்தாள்.

"ஐயோ, இவளும் மாட்டிக்கிட்டாளே!" என்று நாத்தனார் அலறுவது கேட்டது. பிறகு கதவு மூடிக்கொண்டது. அதன் சத்தத்தை வெளியிலிருந்து கேட்ட முதல் ஆட்கள் அவர்கள் இருவரும்தான்.

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். போர்வையின் ஓரங்களை எல்லாப் பக்கமும் உடம்புக்கு அடியில் செருகிவிட்டு, அவனை ஒட்டிப் படுத்தாள்.

அவன் அவளை அணைத்துக்கொண்டான். தலையை மட்டும் மெல்லப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டான்.