அரைவேக்காடு

"இதை எடுத்துட்டுப் போங்க. சாம்பிள் சரியில்ல."

சுண்ணாம்புத்தூள் டப்பாவைச் சூளைக்காரரின் கையில் திணித்தாள் பரிசோதகி. ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கறார்'.

"என்ன குறைங்க மேடம்? காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன்."

"லேபிள் கோணலா ஒட்டியிருக்கு."

"லேபிளா!"

"எதைச் செஞ்சாலும் முழுசாச் செய்யணும். அடுப்புல வெச்சதைப் பாதியில இறக்கினா யார் சாப்பிடறது? சரியான அரைவேக்காடு!"

ஐம்பது வயது மனிதர். முகம் சுண்டிப்போய்ப் படியிறங்கினார்.

பேனாவைத் திறந்து, பதிவேட்டில் நம்பர் போடக் காத்திருந்த குமாஸ்தாவுக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம் மேடம். இது பாஸானாத்தான் அவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டட ஆர்டர். பத்துக் குடும்பம் அந்தச் சூளையை நம்பியிருக்கு."

"நம்பர் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"போடாதீங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் சூளைக்காரர் மறுபடி வந்தார். லேபிளை அளவுகோல் வைத்து ஒட்டியிருந்தார். டப்பாவை வாங்கிக்கொண்டு போன கறார், ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"இது ஆகாது. கையெழுத்து புரியல."

"போன தடவை லேபிள்னீங்களே மேடம்..."

"வாயை மூடி வைக்கவே தெரியாதா உங்களுக்கு? எப்பப் பார்த்தாலும் திறந்தே கிடந்தா ஈரக்காத்து உள்ள போகாதா?"

இதென்ன திட்டு என்று குமாஸ்தாவுக்கே விளங்கவில்லை. ஆனால் ரத்தம் கொதித்தது. அன்று மத்தியானமே இடது கையால் ஒரு மொட்டைக் கடிதம் எழுதி, மேனேஜருக்குப் போகும் தபாலோடு சேர்த்துவிட்டார். 'எளியவர்களை அலைக்கழிக்கும் அகம்பாவம் பிடித்த பெண்மணி' என்று ஆரம்பித்து, மூன்று ஆச்சரியக்குறிகளோடு முடித்திருந்தார்.

இரண்டே நாளில் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார்.

"எவனோ வேலையத்தவன் எழுதியிருக்கான். எழுத்தைப் பாருங்க, கோழி கிளறின மாதிரி! நீங்க நடுநிலையான ஆளு. நீங்களே ரகசியமா விசாரிச்சுச் சொல்லுங்க."

குமாஸ்தா இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "விசாரிக்கிறேன் சார்."

அதற்குள் சூளைக்காரர் மூன்றாம் தடவையாக வந்துவிட்டார். அத்தனை திட்டு வாங்கியவர் முகத்தில் கோபத்தையே காணோம். உள்ளே போன கறார், திரும்பி வந்து சொன்னது இரண்டே வார்த்தை.

"நம்பர் போடுங்க."

சாயங்காலமே ரிப்போர்ட் கைக்கு வந்தது. பாஸ்! சூளைக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

'கடுதாசி வேலை செஞ்சிடுச்சு!' குமாஸ்தா மீசையைத் தடவிக்கொண்டார். இனி மேனேஜருக்கு ஆதாரம் காட்டவேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், கறார் இல்லாத நேரம் பார்த்து எக்ஸ்ரே மெஷின் அறைக்குள் நுழைந்தார். காசளவு தட்டில் பொடியை அமுக்கி வைத்தால், எக்ஸ்ரே பட்டுச் சிதறுவதை வைத்து, அதில் எந்தத் தாது எவ்வளவு என்று கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். பத்து வருஷமாகப் பார்க்கிறார். அவருக்கும் படிக்கத் தெரியும்.

இரண்டு ஃபைல்கள் கண்ணில் பட்டன. 'பேர் வேண்டாம் 1', 'பேர் வேண்டாம் 2'. தேதியைப் பார்த்தார். சூளைக்காரரைத் திருப்பி அனுப்பிய அதே இரண்டு நாட்கள்.

முதல் சாம்பிளில் கால் பங்கு, வேகாத சுண்ணாம்புக்கல். இரண்டாவது நன்றாக வெந்திருந்தது. ஆனால் பாதிக்கு மேல் ஈரம் குடித்து நீர்த்துப்போயிருந்தது.

குமாஸ்தா விதியை நினைத்துப் பார்த்தார். நம்பர் விழுந்திருந்தால் ரிப்போர்ட் போயே தீரவேண்டும். ஒரே ஒரு ஃபெயில் போதும், மூன்று வருஷத்துக்கு அந்தச் சூளையிடம் யாரும் சுண்ணாம்பு வாங்க முடியாது.

அப்படியானால் அரைவேக்காடு என்றது ஆளை இல்லையா? வாயை மூடச் சொன்னது சுண்ணாம்பு மூட்டையையா?

"தேடினது கிடைச்சுதா சார்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். டிபன் பாக்ஸும் கையுமாகக் கறார் நின்றிருந்தாள்.

"மே... மேடம், இதை அவர்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே? சூளையை இன்னும் கொஞ்சம் எரிய விடுங்க, மூட்டையைக் கட்டி வைங்கன்னு?"

"ரிப்போர்ட்டுக்கு முன்னாடி ரிசல்ட்டை வெளியே சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்கே சார்" என்றாள் கறார். "திட்டக் கூடாதுன்னுதான் எங்கேயும் போடல."