போர்வை தைக்க ஒரு மெஷின்

மூன்றாவது தையல் மெஷின் கடையில்தான் அக்காவின் பை திறந்து, பாதி தைத்த போர்வை வெளியே வருகிறது. முந்தைய இரண்டு கடைகளிலும் மெல்லிய துணியில் ஓட்டிக் காட்டி, "போர்வையா? தாராளமா தைக்கும்" என்று வாயாலேயே தைத்தார்கள். பழைய மெஷின் சுருக்கிக் கெடுத்த இரண்டு போர்வைகள் வீட்டில் கிடக்கின்றன. இன்னொன்று கெட்டால் அவளுக்குத் தாங்காது. இங்கே மெஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அம்மா, "உங்க போர்வையையே குடுங்க" என்கிறார். ஜன்னல் வெயிலில் மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றும் ஊசிக்குக் கீழே போகின்றன. மெஷினின் கீழ்ப்பல் அடித்துணியை மட்டுமே இழுக்கும். மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். அதனால் துணியை மேலிருந்து அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிட்டு, பல் வைத்த வேறொரு பாதத்தை அவர் மாட்டுகிறார். இப்போது அக்காவே உட்கார்ந்து ஓட்ட, இரண்டு துணிகளும் ஜோடியாக நடக்கின்றன. டகடகவென்று சத்தம், ஒரு சுருக்கம்கூட இல்லை. அக்காவின் கை நிற்கவே மாட்டேன் என்கிறது.

"போதும்க்கா, கடையிலேயே முடிச்சிடாத!" என்கிறாள் கூட வந்த தங்கை. அக்கா எழுகிறாள். போர்வையும் கூடவே எழுகிறது. அவளுடைய தொளதொளச் சட்டையின் ஓரம் நான்காவது அடுக்காகத் தைபட்டிருக்கிறது, பிசிறில்லாமல், நேர்க்கோட்டில். மெக்கானிக் அம்மா பதறிப்போய்க் கத்தரிக்கோலைத் தேடுகிறார். அக்கா அந்தத் தையலை விரலால் நீவிப் பார்த்துச் சிரிக்கிறாள். "முதல்ல இந்த மெஷினுக்கு பில் போடுங்க. என்னை அப்புறம் பிரிச்சுக்கலாம்."