என் கோடு இல்லை

“இது என் கோடு இல்லை.”

வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவிலிருந்து முதலில் குரல் வந்தது. பிறகு டார்ச் வெளிச்சம். அதன்பிறகுதான் சாக்பீஸ் வந்தார்.

லாரி யார்டில் எல்லா டிரைவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வண்டியோடு ட்ரெய்லரைப் பிணைக்கிற இடத்தில் ஒரு பூட்டுக் கம்பி உண்டு. அது உள்ளே போயிருந்தால் பூட்டியாகிவிட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திறந்திருக்கிறது. வேண்டாதவன் எவனாவது அதை இழுத்துவிட்டுப் போனால் முதல் வளைவிலேயே ட்ரெய்லர் தன் வழியில் போய்விடும். அதனால் மாலையில் மறுநாளைக்கான ட்ரெய்லரைப் பிணைத்து வண்டியை நிறுத்தியதும், கம்பியின் மேலும் அது நுழைகிற துளையின் விளிம்பிலுமாகச் சேர்த்து, ஒரே இழுப்பில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். காலையில் கோடு ஒட்டியிருந்தால் யாரும் கைவைக்கவில்லை.

இன்று கோடு ஒட்டித்தான் இருந்தது.

“அப்புறம் என்ன அண்ணா, கிளம்ப வேண்டியதுதானே,” என்றான் பக்கத்து வண்டி டிரைவர்.

“என் கோடு சாய்வா இருக்கும்ப்பா. இது பள்ளிக்கூடத்து நோட்டுல போட்ட மாதிரி நேரா இருக்கு. எவனோ கைவச்சிட்டு, தெரியாம இருக்கக் கோடும் போட்டு வச்சிருக்கான்.”

கோட்டுக்கெல்லாம் கையெழுத்து பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவன் சிரித்தான். சிரித்துவிட்டுப் போய்த் தன் வண்டியின் கம்பியை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தான். ஐந்து நிமிடத்தில் யார்டில் நிமிர்ந்து நின்ற டிரைவர் ஒருவரும் இல்லை.

சூப்பர்வைசர் வந்தார். ராத்திரிக் காவல் யார் என்று தெரிந்துகொண்டே கேட்டார்.

கேட் அக்கா வந்து நின்றாள். யூனிஃபார்ம் சட்டை அவளுக்கு இரண்டு அளவு பெரிது. கையை முழங்கை வரை மடித்து விட்டிருந்தாள். ராத்திரி வெளியாள் யாரும் வரவில்லை என்றாள். அப்படியென்றால் கோடு எப்படி மாறியது என்று சூப்பர்வைசர் கேட்டார். அவள் மடித்த கையை இறக்கிவிட்டாள். மறுபடி மடித்தாள்.

சாக்பீஸுக்கு அது போதுமானதாக இருந்தது. கேட்டில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தால் எவன் வந்தான், எவன் போனான் என்று எப்படித் தெரியும் என்றார். உங்களை நம்பித்தான் நாங்கள் நாலு மணிநேரம் கண்ணை மூடுகிறோம் என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

“வண்டி இப்போ பூட்டித்தானே இருக்கு அண்ணா,” என்றாள் அவள், மெதுவாக.

“இருக்கட்டும்மா. தொட்டது யாரு?”



அவள்மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள் இருந்தன. ஒன்று, கேட்டைத் தாமதமாகத் திறந்தது. இன்னொன்று, பாஸ் இல்லாமல் வந்த முதலாளியின் மச்சானைத் திருப்பி அனுப்பியது. மூன்றாவது வந்தால் வீட்டுக்கு. டிரைவர்களுக்கு அந்த மூன்றுகூடக் கிடையாது. பூட்டாத ட்ரெய்லரோடு வண்டியை நிறுத்தினால் ஒரே தடவைதான். போன மாதம் அப்படி ஒருவன் போனான்.

“ரூமுக்கு வந்து எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க,” என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் நடந்தார்.

எழுதுவதென்றால் ஒழுங்காக எழுத வேண்டும். கம்பியில் கீறல் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துவிடலாம் என்று சாக்பீஸ் மறுபடி டார்ச்சோடு குனிந்தார். கூட்டம் கலைந்து டீக்குப் போனது.

கீறல் இல்லை. துளைக்குள் வெளிச்சத்தை அடித்தார்.

நாலு விரல் உள்ளே, கம்பியின்மேல் இன்னொரு கோடு இருந்தது. சாய்ந்த கோடு.

நேற்று மாலை கோடு போடும்போது அந்த இடம் துளைக்கு வெளியே இருந்திருக்கிறது. கம்பி முழுதாக உள்ளே போகவே இல்லை. திறந்து கிடந்த பூட்டின்மேல் அத்தனை கவனமாகக் கோடு போட்டுவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார்.

நிமிர்ந்தபோது கேட் அக்கா மட்டும் அங்கேயே நின்றிருந்தாள்.

“நீதான் உள்ள தள்ளினியா?”

“விடியக்காலை ரவுண்டுல பார்த்தேன். கையால தள்ளினா போகலை, பைப்பால தட்டி ஏத்தினேன். உங்க கோடு உள்ள போயிடுச்சு. விளிம்புல இருந்த பாதியைத் துடைச்சிட்டு நானே ஒண்ணு போட்டேன்.” கையிலிருந்த சாக்பீஸ் தூளைப் பேண்ட்டில் தேய்த்தாள். “நீங்க கிளம்பும்போது கேட்ல காதோட காதா சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஊரைக் கூட்டிட்டீங்க.”

“அவர் கேட்டப்போ சொல்லியிருக்கலாமே.”

“சார் முன்னாடியா?” என்றாள் அவள்.

கேட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஓடினாள்.

ரூமில் சூப்பர்வைசர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே படிவத்தை மேஜைமேல் தள்ளிவிட்டார். தேதி, வண்டி எண், ‘ட்ரெய்லர் பூட்டு விஷயமாக’ என்பது வரை அவரே நிரப்பி வைத்திருந்தார். ‘யார்மேல் புகார்’ என்ற இடம் மட்டும் காலி.

சாக்பீஸ் நின்றபடியே பேனாவை உதறி, அந்த இடத்தில், யார்டில் ஒருவருக்கும் தெரியாத தன் முழுப்பெயரை எழுதினார்.