சாயாத சீட்டு

தேவனாம்பட்டினத்தில், குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் சீட்டு சாய்ந்து டப் தண்ணீரில் மூழ்கி ஒரு கைக்குழந்தை இறந்துபோனது. தாய் மோகனப்பிரியாவைக் கைது செய்வதா என்று முடிவெடுக்கும் முன், இன்ஸ்பெக்டர் மகேஸ்வரி சாதாரணச் சேலையில் சிதம்பரம் போனார். சீட்டை விற்ற சுரேந்தரின் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது.

“துண்டு எடுக்கப் போனேன்னு அவளே சொல்றா மேடம். பெத்தவ கைய விட்டா சீட்டு என்னா பண்ணும்?”

“கைய விட்டாலும் சாயாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்.”

“இப்பவும் சொல்றேன். அடியில ரப்பர் கவ்விப் புடிச்சிக்கும். எம்புள்ளயே தெனம் அதுலதான் குளிக்கிறான்.”

பின்கட்டில் குழந்தை வீறிட்டது. சுரேந்தர் எழுவதற்குள் மகேஸ்வரி அங்கே போய்விட்டார்.

அவன் மனைவி, நீட்டிய கால்கள்மேல் குழந்தையைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“சீட்டுல வச்சுக் குளிப்பாட்டலியாம்மா?”

கடைக்கு வந்தவர் என்று நினைத்தவள், குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“அதுவா? வேணாங்கா. சாயுதுன்னு போன மாசமே ரெண்டு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க. நம்ம புள்ளைக்கு வேணாம்னு அவுரே சொல்லிட்டாரு.”