ஒரு வளவு தூரம்

புகையிலையைக் கோத்து உலர்த்த ஈர்க்குக் குத்திக்கொண்டிருந்த நிவேதனாவின் கை அப்படியே நின்றது.

வானொலியில் பாட்டு வந்திருந்தது.

ஐந்து மாதமாக இரைச்சலைத் தவிர வேறொன்றும் வராத இடம் அது. எந்த நிலையமும் இல்லாத அந்த இடத்தில் முள்ளை வைத்துவிட்டுத்தான், பொழுதுபடுகிற நேரத்தில் அவள் வேலை செய்வாள். இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, இவளுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று அண்ணன் சிவதர்ஷன் ஒருமுறை தாயிடம் கேட்டிருக்கிறான்.

அதே பாட்டு. இரண்டாவது சரணத்தில் ஒரு சொல் திக்கித் திக்கி, பிறகு தாவி ஓடுகிற அதே பழுது. எந்த நிலையமும் இப்படி ஒரு பாட்டைப் போடாது.

கிருஷாந் வந்துவிட்டான்.

அடுத்த வளவு, பக்கத்து வீட்டுக் கிருஷாந். வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி அரக்கி நட்டார்கள் என்று தொடங்கிய சண்டையில் இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு நின்று, வேலி இருந்த இடத்தில் அவளுடைய தகப்பன் ஆளுயரத்துக்கு மதில் எழுப்பியிருந்தார். மதில் எழும்பிய பிறகுதான் அவர்கள் இரண்டு பேரும் போனில் கதைக்கத் தொடங்கினார்கள். போன் அண்ணனின் கையில் அகப்பட்டது. அன்றைக்கே அவளுக்குப் போனும் போனது, பள்ளிக்கூடமும் போனது.

அதற்குப் பிறகு கிருஷாந் மருதனார்மடச் சந்தியில் ஒரு சாமானை வாங்கினான். பெருவிரல் அளவு. கடைக்காரன் அதை ட்ரான்ஸ்மிற்றர் என்றானாம். எம்.பி.3 பிளேயரில் இயர்போன் செருகுகிற துளைக்குள் அதைச் செருகினால் பிளேயர் ஊமையாகிவிடும். பாட்டு காற்றில் ஏறிப் பக்கத்து வானொலியில் போய்ப் பாடும்.

ஒரு வளவு தூரம். அதற்கு மேல் போகாது. அவனுக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

முள்ளை எங்கே வைக்கவேண்டும் என்பதை, அவள் கிணற்றடியில் நின்ற நேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று மெல்லச் சொன்னான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மைம்மல் பொழுதில் பாட்டு வந்தது. வானொலியை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

வெளிநாடு போய் உழைத்துக்கொண்டு வந்தால் பெண் கேட்கலாம் என்று நினைத்தான். ஏஜென்சிக்காரன் ரஷ்யாப் பக்கத்தால் கூட்டிக்கொண்டு போனான். போவதற்கு முதல் நாளும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கதைத்தான்.

"இதையும் கொண்டுதான் போறன். திரும்ப எப்ப உந்த ரேடியோவிலை பாட்டுக் கேக்குதோ, அப்ப நான் வந்திட்டன் எண்டு நினை."

பனி கொட்டுகிற காடு ஒன்றில், எல்லை கடக்க நிற்கிறானாம் என்று பிறகு ஊரில் கதைத்தார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

நிவேதனா கையைக் கழுவினாள். முகத்தைக் கழுவினாள். பொட்டு வைத்தாள். வானொலியை நிறுத்த மனம் வரவில்லை. சத்தத்தை முழுவதும் கூட்டிவிட்டாள். அவனுக்கும் கேட்கட்டும்.

அண்ணன் தோட்டத்திலிருந்து வருகிற நேரம்தான். அடி விழுந்தால் விழட்டும். ஒழுங்கையால் சுற்றி ஓடினாள். 'மாமி' என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டுப் படலை திறந்து கிடந்தது.

விறாந்தை நிலத்தில் கிருஷாந்தின் தாய் கேதீஸ்வரி இருந்தாள். எதிரே கதிரையில், கிருஷாந்தோடு ஒன்றாகப் போன அருட்செல்வன். பாதியாக மெலிந்திருந்தான். இவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. தலையை நிமிர்த்தவில்லை. வந்தவுடன் கொடுத்த தேத்தண்ணீர் குடிக்காமலே ஆறி, ஆடை படிந்து கிடந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் கிருஷாந்தின் தோள்பை.

நிவேதனா அறைக் கதவைப் பார்த்தாள். கிணற்றடியைப் பார்த்தாள். விறாந்தைப் படியில் ஒரு சோடிச் செருப்புத்தான் கிடந்தது.

கேதீஸ்வரியின் கையில் அந்தப் பிளேயர். செருகினபடியே அந்தச் சின்னச் சாமான். அதில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரிந்தது. அம்மா கேட்கட்டும் என்று அருட்செல்வன் பற்றரி ஏற்றிக் கொண்டுவந்து, தானே பாட்டைப் போட்டும் கொடுத்திருந்தான்.

கேதீஸ்வரி அதைக் காதோடு வைத்தாள். குலுக்கினாள். திரும்பவும் காதோடு வைத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

மதிலுக்கு மேலால், நிவேதனாவின் வீட்டிலிருந்து, பாட்டு பெரிதாக வந்துகொண்டிருந்தது.

கேதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருசம் கதையாத வீட்டுப் பிள்ளை முற்றத்தில் வந்து நிற்கிறாளே என்ற வியப்போ கோபமோ அவள் முகத்தில் இல்லை.

"சண்டை சண்டைதான் பிள்ளை. எண்டாலும் செத்தவீட்டுக்குப் பக்கத்திலை ரேடியோ போடுறேல்லை. போய் நிப்பாட்டச் சொல்லு மோனை."

நிவேதனா சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு விரலால் பிடித்து அந்தச் சாமானை இழுத்தால் போதும். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற பாட்டு, தாயின் கைக்குள்ளேயே பாடத் தொடங்கும். உனக்கு இது எப்படித் தெரியும் பிள்ளை என்று அவள் கேட்பாள். அருட்செல்வனும் தலையை நிமிர்த்திப் பார்ப்பான். இருட்டுவதற்குள் அண்ணனுக்கும் தெரிந்துவிடும்.

"ஓம் மாமி" என்றாள்.

வீட்டுக்கு வந்து வானொலியை நிறுத்தினாள்.

முள்ளை மட்டும் அசைக்கவில்லை.